செஸ் எஞ்சினும் புது மெமரியும்: ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம், தொண்டி பக்கம் செஸ் பழகும் பிள்ளைகள், அவர்களுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், வகுப்பு எடுப்பவர்கள், சர்வீஸ் கடைக்காரர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறோம். எஞ்சின் என்பது செஸ் நிலையைக் கணக்குப் போட்டு நல்ல மூவைச் சொல்லும் மென்பொருள். 'எஞ்சின்' என்று பொதுவாகச் சொல்லும் இடத்தில் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு எஞ்சின் என்றால் பெயரைச் சொல்லியிருக்கிறோம்.

1. செஸ் போர்டுல மொத்தமே 32 காய். அதுக்கு எதுக்கு சார் இவ்வளவு ரேம்?

ஒரு நிலையை எழுதிவைக்கச் சில பத்து பைட் போதும். ஆனால் எஞ்சின் பார்ப்பது ஒரு நிலையை அல்ல, நொடிக்குப் பல லட்சம் நிலைகளை. அதில் பல, வேறு வழியில் ஏற்கெனவே பார்த்தவையே. வெள்ளை முதலில் டி4 ஆடி, கறுப்பு குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்த பிறகு சி4 ஆடினாலும், சி4-ஐ முதலில் ஆடி டி4-ஐப் பிறகு ஆடினாலும் போர்டு ஒன்றுதான். ஒருமுறை கணக்குப் போட்டதைக் குறித்துவைத்தால் மறுமுறை உழைக்க வேண்டாம். அந்தக் குறிப்பேடுதான் ஹேஷ் டேபிள். 1970-ல் ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் சொன்ன முறைப்படி ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண் உருவாக்கி (இன்றைய எஞ்சின்களில் 64 பிட்), அந்த எண் காட்டும் இடத்தில் முடிவை எழுதுகிறார்கள்.

ஸ்டாக்ஃபிஷில் ஒரு குறிப்புக்கு 10 பைட். மூன்று குறிப்புகளைச் சேர்த்து 32 பைட் கட்டாக வைக்கிறது. 1 ஜிபி ஹேஷ் கொடுத்தால் சுமார் 10 கோடி குறிப்புகள் அடங்கும்.

ஹேஷ் தவிர இன்னும் இரண்டு இடத்தில் மெமரி வேலை செய்கிறது. நிலையை மதிப்பிடும் நியூரல் நெட்டின் எண்கள் ஓரிடம். எண்ட்கேம் டேபிள்பேஸ் கோப்புகள் (காய்கள் குறைந்த நிலைகளின் முடிவை முன்பே கணக்கிட்டு வைத்தவை) இன்னோரிடம். இந்த மூன்றும் மெமரியிடம் கேட்பது வேறு வேறு. புதிதாக எந்த மெமரி வந்தாலும், அது இந்த மூன்றில் எதற்கு உதவும் என்று பிரித்துக் கேட்டால்தான் விளம்பரத்துக்கு ஏமாறாமல் இருக்கலாம்.

2. அப்போ ரேமை ரெண்டு மடங்காக்கினா எஞ்சினும் ரெண்டு மடங்கு பலமாயிடுமா?

ஆகாது. குறிப்பேட்டில் இடம் தீர்ந்துபோனால்தான் பெரிய குறிப்பேடு உதவும். எஞ்சின் ஓடும்போது 'ஹேஷ்ஃபுல்' என்று ஓர் எண் காட்டும். ஆயிரத்துக்கு எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பது அது. சில செயலிகள் சதவீதமாகக் காட்டும். நீங்கள் வழக்கமாக ஒரு நிலையை எவ்வளவு நேரம் ஓடவிடுவீர்களோ அவ்வளவு நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். கடைசியில் 300, 400-லேயே நின்றால் இன்னும் ரேம் வாங்குவது வீண் செலவு. பாதி நேரத்திலேயே 1000-ஐத் தொட்டால் ஹேஷைக் கூட்டலாம்.

3. ஹேஷ் செட்டிங்ல எவ்வளவு போடணும்? யாரைக் கேட்டாலும் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

ஸ்டாக்ஃபிஷ் தானாக எடுத்துக்கொள்வது 16 எம்பி ஹேஷ், ஒரே ஒரு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை). 16 எம்பியில் அடங்குவது 15 லட்சத்துச் சொச்சம் குறிப்புகள். நாலு கோர் உள்ள சாதாரண கம்ப்யூட்டர் அதைச் சில நொடிகளில் நிரப்பிவிடும். செட்டிங்கைத் தொடாமலே "என் எஞ்சின் மெதுவா இருக்கு" என்று வருபவர்கள்தான் அதிகம்.

4 ஜிபி ரேம் உள்ள மெஷினில் 512 எம்பி, 8 ஜிபியில் 2048, 16 ஜிபியில் 4096 முதல் 8192 வரை. த்ரெட், கோர் எண்ணிக்கையில் ஒன்று குறைவாக. 64, 128, 256 என்ற வரிசையில்தான் போட வேண்டும் என்பது பழைய கட்டுப்பாடு. இப்போது 3000 என்றும் போடலாம். ஒரே திரையில் இரண்டு எஞ்சின் திறந்தால் இரண்டும் தனித்தனியாக அவ்வளவு எடுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அளவுக்கு மீறிப் போட்டால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் கொண்டுபோய் வைக்கும். டிஸ்க் விளக்கு விடாமல் எரியும், நொடிக்கு இத்தனை நோடு (எஞ்சின் பார்க்கும் நிலை) என்று காட்டும் எண் பல மடங்கு விழும், மவுஸ் திக்கும். அப்படித் தெரிந்தால் உடனே ஹேஷைப் பாதியாக்குங்கள். பகுப்பாய்வு ஓடிக்கொண்டிருக்கும்போது அளவை மாற்றினால் அதுவரை சேர்ந்த குறிப்புகள் அத்தனையும் அழிந்துவிடும். ஆரம்பத்திலேயே முடிவு செய்வது நல்லது.

4. ஹேஷ் 100% காட்டுது. ஹேங் ஆயிடுமா?

ஆகாது. பழைய தேடலில் எழுதியதையும், ஆழம் குறைந்ததையும் (சில மூவ் முன்வரை மட்டுமே பார்த்ததையும்) அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை எழுதும். வேகம் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான்.

5. டிடிஆர்4-ல இருந்து டிடிஆர்5-க்கு மாறுனா எஞ்சின் பறக்குமா?

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண், நொடிக்கு எவ்வளவு தரவு ஓடும் என்பது. டிடிஆர்4-3200 ஒரு மாட்யூலுக்கு நொடிக்கு 25.6 ஜிபி, டிடிஆர்5-4800 38.4 ஜிபி. வீடியோ எடிட்டிங்குக்கு இது நேரடி லாபம். ஹேஷ் டேபிள் அப்படி அல்ல. ஸோப்ரிஸ்ட் எண் எங்கே காட்டுகிறதோ அங்கே போய் ஒரே ஒரு 64 பைட் வரியை எடுக்கும். அடுத்தது முற்றிலும் வேறு மூலையில் இருக்கும். மண்டபத்திலிருந்து மதுரைக்குப் போகும் லாரியைப் பெரிதாக்கினாலும், ஒரு கிலோ நண்டுக்காகப் போய்வரும் நேரம் குறையாது. எஞ்சின் கேட்பது அந்த ஒரு கிலோவைத்தான்.

போய்வரும் நேரத்தைப் பார்க்க, சிஎல் என்று போட்டிருக்கும் தாமத எண்ணை 2000-ஆல் பெருக்கி மாட்யூலின் வேகத்தால் வகுங்கள். டிடிஆர்4-3200 சிஎல்22 என்றால் 13.75 நானோ நொடி. டிடிஆர்5-4800 சிஎல்40 என்றால் 16.7. புதியது கொஞ்சம் தாமதம்! டிடிஆர்5-6000 சிஎல்30 வாங்கினால் 10. ப்ராசஸரிலிருந்து புறப்பட்டுத் திரும்பும் மொத்தப் பயணம் எப்படியும் 70 முதல் 100 நானோ நொடி ஆகிவிடும். அந்தக் காத்திருப்பை மறைக்கத்தான் ஸ்டாக்ஃபிஷ் ஒரு மூவை ஆடிப் பார்க்கும்போதே அதற்குரிய ஹேஷ் வரியை முன்கூட்டி வரச்சொல்லி அனுப்பிவிடுகிறது.

டிடிஆர்5-ஆல் கிடைக்கும் உண்மையான லாபம் வேறு இடத்தில். ஒவ்வொரு மாட்யூலும் உள்ளே இரண்டு 32 பிட் வழிகளாகப் பிரிந்திருப்பதால், 12, 16 த்ரெட் ஓடும்போது ஒரே நேரத்தில் அதிகக் கோரிக்கைகளைக் கவனிக்கும். நாலு த்ரெட் மெஷினில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பழைய போர்டில் டிடிஆர்5 நுழையவும் நுழையாது. இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்தி ஏற்றப் பார்த்து ஸ்லாட்டை உடைத்தவர்கள் உண்டு.

6. 16 ஜிபி ஒரே ஸ்டிக்கா வாங்கவா, 8+8 வாங்கவா?

8+8. இரண்டு சேனலும் வேலை செய்யும். நாலு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் இரண்டாவதும் நாலாவதும்தான் சரியான ஜோடி. போர்டு புத்தகத்தில் படம் இருக்கும்.

7. 'எக்ஸ்3டி'னு பேர்ல முடியுற ப்ராசஸர் செஸ்ஸுக்கு நல்லதுனு சொல்றாங்களே, அதுல என்ன விசேஷம்?

அண்மைக்கால மெமரி நுட்பங்களில் செஸ் எஞ்சினுக்கு நேரடியாகக் கைகொடுக்கக்கூடியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்லுவோம். ப்ராசஸர் சிப்பின் மேலேயே இன்னொரு கேஷ் மெமரி (ப்ராசஸர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் சின்ன, வேகமான மெமரி) அடுக்கை ஒட்டுகிறார்கள். 2022-ல் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி-யில் எல்3 கேஷ் 96 எம்பி. அதற்குப் போய்வர ரேமுக்கு ஆகும் நேரத்தில் சிறு பங்குதான் ஆகும்.

லாபம் முக்கியமாக நியூரல் நெட்டுக்கு. 2018-ல் யூ நாசு என்பவர் ஜப்பானிய ஷோகி ஆட்டத்துக்கு உருவாக்கிய என்என்யூஇ முறையை 2020-ல் ஸ்டாக்ஃபிஷ் 12 எடுத்துக்கொண்டது. ஒரு மூவ் ஆடினால் போர்டில் இரண்டு மூன்று காய்தானே மாறுகிறது? அந்த மாற்றத்துக்கு உரிய எண் வரிசைகளை மட்டும் கூட்டிக் கழித்து மதிப்பைப் புதுப்பிக்கும். ஒரு வரிசையே சில கிலோபைட். நெட் முழுவதும் மெமரியில் விரிந்தால் 100 எம்பியைத் தாண்டும் பதிப்புகளும் உண்டு. ஆனால் எண்கள் ராஜா நிற்கும் கட்டத்தை வைத்துப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தேடலில் ராஜாக்கள் சில கட்டங்களுக்குள்தான் நடமாடும் என்பதால், உண்மையில் புழங்கும் பகுதி சிறியது. அது பெரிய கேஷில் அடங்கிவிடும்; சின்ன கேஷில் ஹேஷ் வரிகளோடு இடத்துக்கு அடித்துக்கொள்ளும்.

ராணிகள் வெட்டுப்பட்டு ராஜாக்கள் நடுவுக்கு வரும்போது நோடு வேகம் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பல ஜிபி ஹேஷ் எந்த கேஷிலும் அடங்காது. அதற்கு 8-ஆம் கேள்வியைப் பாருங்கள்.

8. காசு செலவில்லாம வேகம் கூட்ட வழி இருக்கா?

இருக்கிறது: லார்ஜ் பேஜஸ். விண்டோஸ் மெமரியை 4 கேபி பக்கங்களாகப் பிரிக்கிறது. 4 ஜிபி ஹேஷ் என்றால் பத்து லட்சத்துக்கும் மேல் பக்கங்கள். எந்தப் பக்கம் எங்கே என்ற பட்டியலில் ஆயிரத்துச் சொச்சம் பதிவுகள்தான் ப்ராசஸருக்குள் அடங்கும். மற்றதற்கெல்லாம் ஒவ்வொரு முறையும் கூடுதல் அலைச்சல். பக்கத்தை 2 எம்பியாக்கினால் அதே 4 ஜிபி 2048 பக்கங்களில் முடிந்துவிடும். ஸ்டாக்ஃபிஷ் குழு சொல்லும் வழக்கமான லாபம் 5 முதல் 10 சதவீதம். 30 வரை அளந்ததும் உண்டு.

விண்டோஸ் ப்ரோ பதிப்பில் 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி' திறந்து, 'லோக்கல் பாலிசீஸ்', 'யூசர் ரைட்ஸ் அசைன்மென்ட்' வழியாக 'லாக் பேஜஸ் இன் மெமரி'க்குப் போங்கள். உங்கள் பயனர் பெயரைச் சேர்த்து மெஷினை ரீஸ்டார்ட் செய்யுங்கள். செஸ் செயலியை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்க வேண்டும். ஹோம் பதிப்பில் இந்த ஜன்னல் கிடையாது. லினக்ஸில் பெரும்பாலும் தானாகவே நடக்கும்.

நேற்று வேலை செய்தது இன்று இல்லை என்றால் பயப்பட வேண்டாம். மெஷின் பல மணி நேரம் ஓடிய பிறகு தொடர்ச்சியான காலி இடம் கிடைக்காமல் போகும். ரீஸ்டார்ட் செய்த கையோடு எஞ்சினைத் திறந்தால் மீண்டும் கிடைக்கும்.

9. காக்கா, டேபிள்பேஸ் முழுசா இறக்கி வச்சுக்கலாமா? எத்தனை ஜிபி வரும்?

2013-ல் ரொனால்ட் டி மேன் வெளியிட்ட சிஸிஜி வடிவத்தில், ராஜாக்களையும் சேர்த்து 5 காய் வரைக்கும் 1 ஜிபிக்குள் முடிந்துவிடும். அதை எல்லோரும் வைத்துக்கொள்ளலாம். 6 காய் சுமார் 150 ஜிபி. 7 காய் 17 டிபி அளவில் வரும். அது வீட்டுச் சமாச்சாரம் அல்ல, தேவைப்படும்போது இணையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

6 காய்க்குள் இரண்டு வகைக் கோப்பு இருக்கிறது. வெற்றியா, தோல்வியா, டிராவா என்று மட்டும் சொல்லும் வகை சுமார் 68 ஜிபி. தேடலின் நடுவில் எஞ்சின் லட்சக்கணக்கான முறை தொடுவது இதைத்தான். இன்னொரு வகை சுமார் 82 ஜிபி. எதிரே போர்டில் நிற்கும் நிலைக்குச் சரியான மூவைத் தேர்ந்தெடுக்கத்தான் அது தேவைப்படும். எஸ்எஸ்டியில் இடம் குறைவென்றால் முதல் வகையை அதில் வைத்து, இரண்டாவதைப் பழைய ஹார்ட் டிஸ்கில் போடுங்கள். 'சிஸிஜி பாத்' கட்டத்தில் இரண்டு ஃபோல்டரையும் அரைப்புள்ளி இட்டுக் கொடுக்கலாம்.

முதல் வகையையே ஹார்ட் டிஸ்கில் வைத்தால் எண்ட்கேமில் எஞ்சின் படுத்துவிடும். என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு ஒரு தேடல் சுமார் 0.1 மில்லி நொடி. சுழலும் டிஸ்குக்கு 10 மில்லி நொடி. வேறு வழியில்லை என்றால் 'ப்ரோப் டெப்த்' (எந்த ஆழத்துக்கு மேல் டேபிள்பேஸைத் தொடலாம் என்ற செட்டிங்) என்பதை 1-லிருந்து 8, 10 என்று உயர்த்துங்கள், தொடுவது குறையும். இன்னொன்று: இந்தக் கோப்புகளில் அடிக்கடி தொடும் பகுதிகளை விண்டோஸ் தன் காலி ரேமில் வைத்துக்கொள்ளும். எல்லா ரேமையும் ஹேஷுக்கே அள்ளிக் கொடுத்தால் அந்த வசதி போய்விடும். 3-ஆம் கேள்வியில் பாதிக்கு மேல் கொடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

10. ஆப்டேன்னு ஒண்ணு வந்துச்சே, அது என்னாச்சு? சந்தையில சின்ன ஸ்டிக் மலிவா கிடைக்குது, வாங்கலாமா?

2015-ல் இன்டெலும் மைக்ரானும் சேர்ந்து அறிவித்த 3டி எக்ஸ்பாயின்ட் நுட்பம்தான் ஆப்டேன். ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் நடுவில் நிற்கும் வேகம், மின்சாரம் போனாலும் அழியாத தன்மை. ஆப்டேன் எஸ்எஸ்டி ஒரு சின்னத் தரவை 10 மைக்ரோ நொடியில் எடுத்துக் கொடுத்துவிடும். டேபிள்பேஸுக்கு அதைவிடப் பொருத்தமான மெமரி இதுவரை வரவில்லை என்பது எங்கள் கருத்து. ஆனால் விலை இறங்கவே இல்லை. 2021-ல் மைக்ரான் விலகியது, 2022-ல் இன்டெலும் கைவிட்டது.

மலிவாகக் கிடைக்கும் 16 ஜிபி, 32 ஜிபி ஸ்டிக்குகள் ஹார்ட் டிஸ்கை வேகப்படுத்த வந்த கேஷ். "16 ஜிபி மெமரி" என்று சொல்லி விற்பதை ரேம் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். ஹேஷுக்கு அது ஒரு பைட்டும் தராது. 5 காய் டேபிள்பேஸை வைக்க வேண்டுமானால் உதவும்.

11. ஐப்பசி, கார்த்திகையில கரண்ட் போயிட்டே இருக்கு. ராத்திரி முழுக்க ஓடின அனாலிசிஸ் போயிடுது. கரண்ட் போனாலும் அழியாத ரேம் வருமா?

அதற்கான ஆராய்ச்சி பல வருடமாக நடக்கிறது. காந்தத் திசையில் பிட்டை வைக்கும் எம்ரேம், மின்தடையை மாற்றி வைக்கும் ரெரேம் எல்லாம் மின்சாரம் இல்லாமலே நினைவு வைத்திருக்கும். எம்ரேம் சிப் விற்பனையிலும் இருக்கிறது. சிக்கல் கொள்ளளவு. 1 ஜிகாபிட் சிப் என்றால் 128 எம்பிதான். விலைக்கும் அளவுக்கும் அது தொழிற்சாலைக் கருவிகளுக்கு ஒத்துவரும், 4 ஜிபி ஹேஷுக்கு வராது.

இப்போதைக்கு வழி ஹைபர்னேட். ஸ்லீப் அல்ல, ஹைபர்னேட். ரேமில் உள்ள அத்தனையையும், ஹேஷ் உட்பட, டிஸ்கில் எழுதிவிட்டு அணையும். திரும்பப் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். யூபிஎஸ் பேட்டரி இறங்கியதும் ஹைபர்னேட் ஆகும்படி பவர் ஆப்ஷனில் அமைத்துவிடுங்கள். ஹேஷ் பெரிதாக இருந்தால் எழுதவும் நேரம் ஆகும். ஐந்து நிமிடமாவது தாங்கும் யூபிஎஸ் வேண்டும், டிஸ்கில் ரேம் அளவுக்குக் காலி இடமும் வேண்டும். அதிகாரபூர்வ ஸ்டாக்ஃபிஷில் ஹேஷைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி இல்லை. எனவே முக்கியமான வரிகளை அவ்வப்போது பிஜிஎன் கோப்பில் (ஆட்டங்களை எழுதிவைக்கும் கோப்பு) சேர்த்துச் சேமிப்பதையும் விடக்கூடாது.

12. எச்பிஎம், சிஎக்ஸ்எல்னு பேப்பர்ல வருதே. அதெல்லாம் செஸ்ஸுக்கு ஆகுமா?

எச்பிஎம், மெமரி சிப்களை அடுக்கடுக்காக வைத்து மிக அகலமான வழியில் (எச்பிஎம்3-ல் 1024 பிட்) இணைப்பது. எச்பிஎம்3-ல் ஓர் அடுக்கே நொடிக்கு 819 ஜிபி தரும். ஆனால் போய்வரும் நேரம் குறையவில்லை. 5-ஆம் கேள்வியில் சொன்னபடி ஸ்டாக்ஃபிஷின் ஹேஷுக்கு இது பெரிய லாரி மட்டுமே. லீலா செஸ் ஜீரோ என்ற எஞ்சின் வேறு ஜாதி. அது கிராஃபிக்ஸ் கார்டில் பெரிய நெட்டை ஓட்டி, நிலைகளைத் தொகுதி தொகுதியாக மதிப்பிடுகிறது. அங்கே நொடிக்கு அதிகத் தரவு ஓடுவது நேரடி லாபம். அதற்காக எச்பிஎம் கார்டு வாங்க வேண்டியதில்லை. சாதாரண 8 ஜிபி கேமிங் கார்டில் நன்றாக ஓடும். லீலாவின் தேடல் மரம் வளர்வது கார்டில் அல்ல, மெஷினின் ரேமில். இரவு முழுக்க ஓடவிட்டால் ரேம் முழுவதையும் தின்றுவிடும், ரேம் வரம்பை செட்டிங்கில் போட்டுவிடுங்கள்.

சிஎக்ஸ்எல், 2019-ல் வந்த இணைப்பு முறை. சர்வரில் ரேமைத் தனிப் பெட்டியாகச் சேர்க்க உதவும். வழக்கமான ரேமைவிடத் தாமதம், எஸ்எஸ்டியைவிட எவ்வளவோ வேகம். ஹேஷை அதில் வைப்பது புத்திசாலித்தனம் அல்ல. டேபிள்பேஸை வைப்பதற்கு, ஆப்டேன் விட்டுப்போன இடத்தை அது நிரப்பலாம்.

13. மெமரிக்குள்ளேயே கணக்குப் போடுற சிப் வருதாமே. அப்போ ப்ராசஸரே வேண்டாமா?

ஒவ்வொரு மெமரிப் பகுதிக்கும் பக்கத்தில் சின்ன கணக்குப் பிரிவை வைக்கும் முறை அது. 2021-ல் சாம்சங் எச்பிஎம்-இலேயே அப்படி ஒன்றைக் காட்டியது. ஒரே வேலையை லட்சம் இடத்தில் ஒரே நேரத்தில் செய்ய அது நல்லது. எஞ்சினின் தேடல் அப்படி இல்லை. இந்த மூவின் மதிப்பு தெரிந்தால்தான் அடுத்த மூவைப் பார்க்கவே வேண்டுமா என்று முடிவெடுக்க முடியும். வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் வேலை அது.

டேபிள்பேஸ் தயாரிப்பு மட்டும் இதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். மேட் ஆன நிலைகளிலிருந்து பின்னோக்கி நடந்து, ஒவ்வொரு நிலைக்கும் வெற்றி, தோல்வி, டிரா என்று குறியிடுவதுதான் வேலை. ஒரு நிலைக்கு இரண்டு பிட் போதும், எல்லாம் ஒரே மாதிரிக் கணக்கு. 7 காய்க்கே 423 லட்சம் கோடிக்கும் மேல் நிலைகள். 2012-ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லோமோனோசொவ் சூப்பர் கம்ப்யூட்டரில் அதை முடித்தார்கள், கோப்புகள் 140 டிபி வந்தன. 2018-ல் சிஸிஜி வடிவில் முடித்தபோது 9-ஆம் கேள்வியில் சொன்ன அளவுக்குச் சுருங்கியது. 8 காயை யாராவது முழுதாக முடிப்பதென்றால் அங்கே இத்தகைய மெமரி கணக்கையே மாற்றும்.

14. ஒரு மாசம் ஊருக்குப் போயிட்டு வந்து போட்டா டிஸ்ப்ளே வரல. ஃபேன் மட்டும் சுத்துது. போர்டு போச்சா?

பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் இப்படி வரும் மெஷின்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேமின் கால் பட்டை. தங்க முலாம் மிக மெல்லியது, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். உப்புக் காற்றின் ஈரம் அதன் வழியே இறங்கி அடியில் உள்ள நிக்கலையும் செம்பையும் அரிக்கும். பழைய பாம்பன் ரயில் பாலத்துக்குத் திரும்பத் திரும்பப் பெயிண்ட் அடித்ததும் இதே உப்புக்காகத்தான். ஓடுகிற மெஷின் சூட்டில் காய்ந்தே இருக்கும். சும்மா கிடப்பதுதான் முதலில் கெடும்.

பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். கேபினட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேமை ஓரங்களைப் பிடித்து எடுங்கள். பட்டையில் மங்கலோ, கறுப்போ, பச்சைப் புள்ளியோ தெரியும். 99% ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு உதிராத துணியில் நனைத்து, மேலிருந்து கீழாக ஒரே திசையில் துடையுங்கள். பல கடைகளில் பென்சில் ரப்பரால் தேய்க்கிறார்கள். அன்றைக்குச் சரியாகும், ஆனால் முலாமையும் கூடவே தேய்த்துவிடும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் அரிக்கும். வேறு வழியே இல்லாதபோது ஒருமுறை, மெதுவாக. ஸ்லாட்டுக்குள் ஊசி, பிளேடு எதுவும் நுழையக் கூடாது. மெல்லிய பிரஷும் காற்றும் போதும். பத்து நிமிடம் காயவிட்டு, இரண்டு பக்கமும் 'டிக்' சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள்.

டிடிஆர்5 மெஷின் என்றால் ரேமைக் கழற்றி மாட்டிய பிறகு முதல் தடவை திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். மெமரியை அளந்து பழகிக்கொள்கிறது. அவசரப்பட்டு அணைத்தால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

இனி வராமல் இருக்க, கடல் பார்த்த ஜன்னலிலிருந்து மெஷினைத் தள்ளி வையுங்கள், காலி ஸ்லாட்டுக்கு மூடி போடுங்கள், வெளியூர் போனாலும் யாரையாவது இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள்.

15. எஞ்சின் திடீர்னு சம்பந்தமில்லாத மூவைக் காட்டுது, சில நேரம் குளோஸ் ஆகுது. ரேம் கெட்டிருக்குமோ?

இருக்கலாம், ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்டாக்ஃபிஷ் ஒரு குறிப்பில் 64 பிட் எண்ணில் 16 பிட்டை மட்டுமே வைத்துக்கொள்கிறது. அதனால் வேறு நிலையின் குறிப்பைத் தவறாக எடுப்பது அவ்வப்போது நடக்கும். அதில் உள்ள மூவ் இந்தப் போர்டில் ஆடக்கூடியதா என்று சரிபார்த்துக்கொள்ளும் என்பதால் பெரிதாகப் பாதிக்காது. தேடலின் ஆரம்பத்தில் மூவ் மாறிக்கொண்டே இருப்பதும் இயல்பு. டேபிள்பேஸ் கோப்பு பாதியில் இறங்கியிருந்தாலும் எஞ்சின் மூடிக்கொள்ளும். முதலில் 'சிஸிஜி பாத்'தைக் காலியாக்கிப் பாருங்கள்.

ரேமைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. எஞ்சினைத் தனியாகத் திறந்து 'பெஞ்ச் 1024 1 20' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள்: 1024 எம்பி ஹேஷ், 1 த்ரெட், ஆழம் 20. முடிவில் மொத்த நோடு எண்ணிக்கை வரும். ஒரே த்ரெட்டில் அதே பதிப்பு எத்தனை முறை ஓட்டினாலும் அந்த எண் ஒரு இலக்கம்கூட மாறக்கூடாது. நேரம் மாறலாம், எண் மாறக்கூடாது. மாறினால் வன்பொருளில் கோளாறு. பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் அதிக வேகத்தில் ஓட்டும் செட்டிங்) அணைத்துத் திரும்ப ஓட்டுங்கள். சரியானால் ரேம் அந்த வேகத்தைத் தாங்கவில்லை என்று பொருள். அப்போதும் மாறினால் 14-இல் சொன்னபடி சுத்தம் செய்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ நாலு சுற்று ஓட்டுங்கள், ஸ்டிக்கை ஒவ்வொன்றாக வைத்து. டிடிஆர்5-ல் "உள்ளேயே ஈசிசி (பிழை திருத்தும் வசதி) உண்டு" என்பது சிப்புக்குள் நடக்கும் திருத்தம் மட்டுமே; பட்டையிலும் ஸ்லாட்டிலும் வரும் பிழையை அது பார்க்காது.

16. அக்னி நட்சத்திரத்துல மட்டும் எரர் வருது. வெயிலுக்கும் ரேமுக்கும் என்ன சம்பந்தம்?

ரேமின் ஒவ்வொரு பிட்டும் கசிந்துகொண்டே இருக்கும் சின்ன மின்னூட்டம். அடிக்கடி புதுப்பித்தால்தான் நிற்கும். சூடு ஏறினால் கசிவு கூடும். 85 டிகிரிக்கு மேல் போனால் இரண்டு மடங்கு அடிக்கடி புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. விளிம்பில் இருந்த ஸ்டிக் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். 15-இல் சொன்ன பெஞ்ச் சோதனையை மதியம் இரண்டு மணிக்கு ஓட்டிப் பாருங்கள்.

17. எங்கிட்ட போன் மட்டும்தான் இருக்கு அண்ணே.

ஹேஷ் 64 முதல் 256 எம்பி, த்ரெட் 2. அதற்கு மேல் போட்டால் போன் சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், இல்லையென்றால் வேறு செயலிக்குப் போன நேரத்தில் ஆண்ட்ராய்டு எஞ்சினை மூடிவிடும். பிள்ளைகள் தங்கள் ஆட்டத்தில் விட்ட தவறைப் பார்க்க இது தாராளம்.

18. கையில காசு கொஞ்சம்தான். முதல்ல எதை மாத்தணும்?

முதலில் 3-ஆம், 8-ஆம் கேள்வி, செலவே இல்லை. ஹார்ட் டிஸ்க் மெஷின் என்றால் அடுத்தது எஸ்எஸ்டி. ரேம் 8 ஜிபிக்குக் கீழ் இருந்தால் 16 ஆக்கலாம், அதற்கு மேல் போக 2-ஆம் கேள்வியின் சோதனை சொன்னால் மட்டும். ஏஐ சர்வர்களுக்காக எச்பிஎம் தயாரிப்புக்கு ஆலைகள் திரும்பியதில் 2025 கடைசியில் சாதாரண ரேம் விலையும் ஏறிவிட்டது. பழைய டிடிஆர்4 மெஷினுக்குப் பழைய ஸ்டிக் வாங்குபவர்கள் கடையிலேயே பட்டையைப் பார்த்து, பெஞ்ச் ஓட்டிவிட்டு வாங்குங்கள்.

19. மாத்தின பிறகு உண்மையிலேயே முன்னேற்றம் இருக்கானு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நொடிக்கு எத்தனை நோடு என்பதை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். ஹேஷைப் பெரிதாக்கும்போது அந்த எண் கொஞ்சம் குறையக்கூட செய்யும், ஏனென்றால் கேஷில் அடங்காத இடத்துக்கு அதிகமாகப் போக வேண்டியிருக்கிறது. ஆனால் வீண் வேலை குறைவதால் அதே ஆழத்தைச் சீக்கிரம் எட்டும். எனவே குறிப்பிட்ட ஆழத்தை எட்ட ஆகும் நேரத்தை அளவிடுங்கள்.

சிப்பாய்கள் பூட்டிக்கொண்ட ஒரு நிலை, ராணிகள் உள்ள திறந்த நிலை, யானை எண்ட்கேம் என்று மூன்று வகையிலும் ஒன்றிரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் 'கிளியர் ஹேஷ்' அழுத்துங்கள். முதலில் ஒரே த்ரெட்டில் 16 எம்பிக்கும் 1024 எம்பிக்கும் பாருங்கள். பல த்ரெட்டில் ஒவ்வொரு முறையும் நேரம் மாறும் என்பதால் ஒவ்வொன்றையும் ஐந்தாறு தடவை ஓட்டி நடு மதிப்பை எடுக்க வேண்டும். இரண்டு செட்டிங்கை மோதவிட்டுப் பத்து ஆட்டத்தில் 6-4 வந்தது என்று முடிவு கட்டாதீர்கள். இவ்வளவு சின்ன வித்தியாசம் ஆயிரக்கணக்கான ஆட்டங்களில்தான் தெளியும்.